திரியைத் திருத்தினால் சுடர் திருந்தும்

டிசம்பர் மாதத்தில் டென்மார்க்கின் பகற்பொழுது ஏறத்தாழ ஏழு மணித்தியாலங்களே. பிள்ளைகள் இருளிற் பாடசாலைக்குப் புறப்பட்டு, இருள் சூழும் வேளையில் வீடு திரும்புகின்றனர். பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும் இந்நாட்டில், மக்கள் மெழுகுதிரி ஏற்றி இருளோடு கூடி வாழக் கற்றுக்கொண்டனர். ஐரோப்பாவில் ஆள்வீதக் கணக்கில் மிகுதியாக மெழுகுதிரி எரிக்கும் நாடுகளுள் டென்மார்க் முன்வரிசையில் நிற்கின்றது. நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாக ஏற்றப்படும் அட்வென்ட் வளையத்தின் நான்கு திரிகள், டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கொரு கோடாக எரித்துக் குறைக்கப்படும் நாட்காட்டி மெழுகுதிரி, 13 ஆந் திகதி லூசியா ஊர்வலத்திற் பிள்ளைகள் ஏந்திவரும் ஒளி என, இக்குளிர்காலம் சுடர்களாலேயே எண்ணப்படுகின்றது.

இவ்வழக்கம் எம்மவர் இல்லங்களுக்குள்ளும் வந்து நெடுங்காலமாயிற்று. வரவேற்பறை மேசையிற் கண்ணாடிக் குவளைக்குள் வார்க்கப்பட்ட வாசனை மெழுகுதிரி இல்லாத வீட்டைக் காண்பது இன்று அரிது. பிறந்தநாளுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் அதுவே கைப்பொருள். ஆயினும் அவை எரிந்து கிடக்கும் கோலத்தைக் கவனித்தால், நடுவிற் கிணறு தோண்டியதுபோற் குழிந்த மெழுகு, வாய்விளிம்பு கறுத்த குவளை, தலையிற் கரி மொட்டுக்கட்டிய திரி என்பனவே பெரும்பாலும் தென்படுகின்றன. விலைகொடுத்து வாங்கிய மெழுகில் ஒரு பங்கு எரியாமலே குப்பைக்குச் செல்கின்றது. எரிந்த பங்கின் கரி எம் சுவாசப்பைக்குச் செல்கின்றது. விளக்கைப் பேணுவதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த நாம், மெழுகுதிரியை மட்டும் ஏற்றியதும் மறந்துவிடுவது ஏன்? இவ்வாரம் இதனைச் சற்று ஆராய்வோம்.

எரிவது எது?

மெழுகுதிரியில் எரிவது எது எனப் பிள்ளைகளைக் கேட்டால் 'திரி' என்பர் சிலர். 'மெழுகு' என்பர் வேறு சிலர். இரண்டும் முழு விடையாகா. சுடரின் வெம்மையால் மெழுகு உருகுகின்றது. உருகிய மெழுகு, துணியின் நுனியை நீரில் வைத்தால் ஈரம் மேலேறுவதுபோல, திரிவழியே ஏறுகின்றது. உச்சியை அடைந்ததும் ஆவியாகின்றது. அவ்வாவியே வளியிலுள்ள ஒட்சிசனோடு கலந்து எரிகின்றது.

இதனை இளையோருக்கும் விளங்கும்படி எடுத்துரைத்தவர் ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் பரடே. இலண்டன் றோயல் நிறுவனத்தில் நத்தார்க் காலத்தில் அவர் நிகழ்த்திய விரிவுரைகள் 'ஒரு மெழுகுதிரியின் இரசாயன வரலாறு' என்னும் பெயரில் 1861 இல் நூலாயின. அப்பொழுதுதான் நூர்த்த திரியிலிருந்து எழும் வெண்புகைக்கு எரியும் குச்சியொன்றைக் காட்டினால், தீ அப்புகைவழியே தாவி இறங்கித் திரியை மீண்டும் பற்றிக்கொள்ளும் என்பது அவர் செய்துகாட்டிய பரிசோதனைகளுள் ஒன்று. புகையெனத் தோன்றுவது எரியாது எஞ்சிய மெழுகாவியே என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சுடரின் மஞ்சள் ஒளிக்குக் காரணம் அதனுள்ளே தோன்றும் நுண்ணிய கரித்துகள்கள். அவை வெம்மையில் ஒளிர்வதாலேயே எமக்கு வெளிச்சம் கிடைக்கின்றது. சுடர் அசையாது நின்றால் அத்துகள்கள் விளிம்பை அடையுமுன் எரிந்து தீரும். திரி நீண்டு மெழுகாவி மிகுந்தாலோ, காற்றிற் சுடர் அலைந்தாலோ, அவை எரியாமலே தப்பி வெளியேறும். குவளையைக் கறுக்கச் செய்வதும், மேசைக்கு மேலுள்ள சுவரிற் சாம்பல் நிறப் படலமாகப் படிவதும் இவ்வாறு தப்பிய கரியே. ஆகவே தூய சுடர் என்பது ஒரு சமநிலையின் பெயர். திரி ஏற்றித்தரும் எரிபொருளும், சுடருக்குக் கிடைக்கும் வளியும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கவேண்டும். கீழே கூறப்படும் விதிகள் யாவும் இச்சமநிலையைக் காப்பதற்கானவை என்பதை நினைவிற் கொண்டால், ஒன்றையேனும் மனனஞ் செய்யவேண்டிய தேவை இராது.

தூண்டிய கைகள்

எமது ஊர்களில் விளக்கேற்றுதல் நெருப்புக்குச்சியைக் கிழிப்பதோடு முடிந்ததில்லை. திரி திரித்தல், எண்ணெய் விடுதல், கருகிய நுனியைத் தட்டுதல், தூண்டுதல், நூர்த்தல் என அஃது ஒரு தொடர் வேலையாயிருந்தது. எண்ணெய் குறையக் குறையத் தானே சுரந்து நிரப்பிக்கொள்ளும் தொங்குவிளக்கொன்றைச் செய்த கம்மியர், அதற்குத் 'தூண்டாமணி விளக்கு' எனப் பெயரிட்டனர். தூண்டவேண்டியதில்லை என்பதே ஒரு விளக்கின் பெயராகுமாயின், ஏனைய விளக்குகளுக்கு எத்துணைக் கவனம் தேவைப்பட்டது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். கார்த்திகை விளக்கீட்டன்று வாழைக்குற்றியில் வைத்த சிட்டிகளைச் சுற்றிச்சுற்றி வந்து பார்த்த சிறுவருக்கு இக்கல்வி விளையாட்டாகவே வாய்த்தது.

1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போய், மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளானபோது, ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சிறிதளவு எண்ணெயில் இரவைக் கடத்தும் விளக்கு வீடுதோறும் தோன்றியது. அவ்வொளியில் நாம் விடைத்தாள் திருத்தினோம். எம் மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். திரியை ஒரு நெல்மணியளவு கூட உயர்த்தினால் எண்ணெய் வீணாகும், விடியும்போது மூக்கிற் கரி இருக்கும். ஒரு நெல்மணியளவு கூடத் தாழ்த்தினால் எழுத்துத் தெரியாது. அந்த நெல்மணியளவின் அருமையை அறிந்து வளர்ந்தவர்கள் இன்று டென்மார்க்கின் நகரங்களில் நடுவயதினராய்க் குடும்பம் நடத்துகின்றனர். அவர்களுக்கு மெழுகுதிரியைப் பேணும் வித்தை புதிதாகக் கற்பிக்கவேண்டியதொன்றன்று, நினைவூட்டினாற் போதும்.

ஐரோப்பியரும் ஒருகாலத்தில் திரிக்குக் காவலிருந்தவர்களே. விலங்குக் கொழுப்பில் வார்த்த பழைய மெழுகுதிரியின் முறுக்குத்திரி எரிந்து சாம்பராகாது, நீண்டு புகைந்துகொண்டிருக்கும். அதனை அடிக்கடி நறுக்குவதற்கெனத் தனிக் கத்தரிக்கோல் வீடுகளில் இருந்தது. 1820களிற் பிரான்சிற் பின்னல்திரி வந்தது. பின்னிய திரி எரியும்போது ஒருபுறமாக வளையும். அதன் நுனி சுடரின் வெளிவிளிம்பை அடைந்து தானே சாம்பராகிவிடும். அதே காலத்தில், 1825 இல், செவ்ரேல், கேலுசாக் என்னும் பிரெஞ்சு இரசாயனவியலாளர் இருவர், கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டியரிக் அமிலத்தால் மெழுகுதிரி செய்வதற்கான காப்புரிமையைப் பெற்றனர். பின்னர் கனிய எண்ணெயிலிருந்து பெறப்படும் பரபின் மெழுகு மலிவாகப் பரவிய பின்னரும், டெனிஷ் மக்கள் எந்த மெழுகுதிரியையும் 'ஸ்டியரின் விளக்கு' எனப் பொருள்படும் சொல்லாலேயே அழைத்துவருகின்றனர்.

பின்னல்திரியின் வருகையோடு, மெழுகுதிரிக்குக் காவல் தேவையில்லை என்னும் எண்ணமும் வந்துவிட்டது. உயர்ந்து மெலிந்த சாதாரண மெழுகுதிரிக்கு அஃது ஓரளவு பொருந்தும். குவளையில் வார்த்த வாசனை மெழுகுதிரிக்கோ பொருந்தாது. அதன் மெழுகிற் கலந்துள்ள வாசனைத் தைலம் திரியின் நுண்துளைகளை அடைக்கும் இயல்புடையது. அதனால் தடித்த திரி இடப்படுகின்றது. தடித்த திரி பெரிய சுடரைத் தருகின்றது. அச்சுடரோ மெழுகு குறையக் குறையக் குவளையின் ஆழத்துக்குள் இறங்கி, சீரான வளி கிடையாது தத்தளிக்கின்றது. எனவே, ஏனையவற்றினும் கூடிய பராமரிப்பை வேண்டி நிற்பது வாசனை மெழுகுதிரியே.

கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, திரியின் நீளம். ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன், மெழுகு குளிர்ந்து இறுகியிருக்கும்போது, ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் விட்டு மிகுதியை நறுக்குங்கள். கருகிய நுனியும் மொட்டும் அதனோடு நீங்கும். இதற்கெனக் கடையில் விற்கும் கருவியை வாங்கவேண்டியதில்லை, நகவெட்டி போதும். நறுக்கிய கரித்துண்டு மெழுகின்மேல் விழுந்துகிடக்க விடாதீர்கள். அஃது இரண்டாவது திரியாக மாறித் தானும் எரியத் தொடங்கும். மிகக் குட்டையாக நறுக்கினால், திரி உருகிய மெழுகில் மூழ்கித் திணறும். அவ்வாறு நேர்ந்தால், சுடரை நூர்த்துச் சற்று ஆறியபின், திரியைச் சுற்றியுள்ள மெழுகிற் சிறிதளவைக் கடதாசித் துண்டால் ஒற்றியெடுத்துவிட்டு மீண்டும் ஏற்றலாம்.

இரண்டாவது, முதல் நாளின் எரிப்பு. புதிய மெழுகுதிரியை முதன்முறை ஏற்றும்போது, மேற்பரப்பு முழுவதும் விளிம்புவரை உருகும்வரை எரியவிடவேண்டும். விட்டத்தின் ஒவ்வொரு 2.5 சென்ரிமீற்றருக்கும் ஒரு மணித்தியாலம் என்பது பொதுக் கணக்கு, 7.5 சென்ரிமீற்றர் அகலமுள்ள குவளைக்கு மூன்று மணித்தியாலம். விருந்தினர் வந்த அரைமணி நேரத்துக்கு ஏற்றிவிட்டு நூர்த்தால், நடுவிலுள்ள சிறு வட்டம் மட்டுமே உருகியிருக்கும். விளிம்பில் இறுகி நிற்கும் மெழுகு மதிலாகிவிட, அடுத்தடுத்த நாட்களிலும் சுடர் அம்மதிலுக்குள்ளேயே இறங்கும். கிணறு தோண்டப்படுவது இவ்வாறுதான். நேரமில்லாத நாளில் வாசனை மெழுகுதிரியை ஏற்றாமல் விடுவதே நன்று.

குழி விழுந்துவிட்டதாயின் அதற்கும் பரிகாரம் உண்டு. சமையலறையில் உபயோகிக்கும் அலுமினியத் தாளைக் குவளையின் வாய்விளிம்பிற் கூடாரம்போற் கவித்து, நடுவிற் சுடருக்கு வளி செல்லப் போதிய வட்டத் திறப்பு விடுங்கள். வெம்மை விளிம்புக்குத் திரும்பி, அங்குள்ள மெழுகை உருக்கிச் சமப்படுத்தும். அவ்வேளையில் அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். தாளும் குவளையும் சுடும். குவளையின்றித் தனித்து நிற்கும் தடித்த மெழுகுதிரியாயின், நூர்த்த சிறிது நேரத்தில், விளிம்பு இளஞ்சூடாய்க் குழைந்திருக்கும்போது விரல்களால் மெல்ல உட்புறமாக அழுத்திவிட்டாற் போதும்.

மூன்றாவது, காலவரை. எந்த மெழுகுதிரியையும் ஒரே முறையில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் எரிக்கலாகாது. அதற்குமேல் திரியிற் கரி மொட்டுக்கட்டும். மெழுகு மிகையாகச் சூடேறும். சுடர் உயர்ந்து புகையத் தொடங்கும். நூர்த்து, ஆறவிட்டு, திரியை நறுக்கி, மீண்டும் ஏற்றுங்கள்.

நான்காவது, இடம். இந்நாட்டு வீடுகளில் வெப்பமூட்டி பெரும்பாலும் யன்னலின் கீழேயே பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து எழும் சூடான வளியும், யன்னற் கண்ணாடியிலிருந்து இறங்கும் குளிர்ந்த வளியும் மோதும் இடம் யன்னல்தட்டு. அங்கு வைத்த சுடர் ஓயாது ஆடும். மெழுகும் ஒருபுறமாக உருகி வழியும். கதவுக்கும் நடைபாதைக்கும் விலகிய, சமதளமான மேசையே தகுந்த இடம். இரண்டு மெழுகுதிரிகளுக்கிடையில் குறைந்தது 10 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். நெருங்கி நின்றால் ஒன்றின் வெம்மை மற்றையதின் சுடரைக் கலைக்கும்.

ஐந்தாவது, நூர்க்கும் முறை. விளக்கை வாயால் ஊதி அணைக்கக்கூடாது என எம் மூத்தோர் கண்டித்ததை நாம் சாத்திரமெனவே கேட்டுப் பழகினோம். ஊதினால் என்ன நிகழும் என்பதைப் பரடேயின் வெண்புகை காட்டுகின்றது. சுடர் இறந்தபின்னும் திரி கனன்று, எரியாத மெழுகாவியை அறைக்குள் அனுப்பிக்கொண்டிருக்கும். சிட்டியின் திரியை எண்ணெய்க்குள் இழுத்து நூர்ப்போமே, அதே முறைதான் இங்கும் சிறந்தது. ஒரு கம்பியால் திரியை உருகிய மெழுகுக்குள் சாய்த்து அமிழ்த்தி, உடனே நிமிர்த்திவிடுங்கள். புகை எழாது, திரியும் மெழுகு பூசப்பட்டு அடுத்த முறை எளிதிற் பற்றும். மூடியுள்ள குவளையாயின், சுடர் அணைந்தபின் மூடிவைத்தால் வாசனையும் காக்கப்படும், தூசியும் சேராது.

ஆறாவது, முடிவு. அடியில் ஒரு சென்ரிமீற்றர் மெழுகு எஞ்சியிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் எரித்தால் அடிக்கண்ணாடி சூடேறி வெடிக்கக்கூடும். வெறுமையான குவளையைச் சில மணித்தியாலம் உறைகுளிர்ப் பெட்டிக்குள் வைத்தால், மெழுகு சுருங்கித் தானே கழன்றுவரும். உருகிய மெழுகைத் தொட்டிக்குள் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஜாம் போத்தலையே விளக்காக்கியவர்களுக்கு, விளக்காயிருந்த குவளையை வேறெதற்குப் பயன்படுத்தலாம் என நாம் சொல்லித்தரவேண்டியதில்லை.

வாசனை பிறக்கும் இடம் எதுவென்பதையும் இங்கு கூறவேண்டும். சுடர் பெரிதாயின் மணமும் பெருகும் எனப் பலர் எண்ணுகின்றனர். மணம் வருவது சுடரிலிருந்தன்று. சுடரைச் சுற்றி உருகிநிற்கும் மெழுகுக் குளத்திலிருந்தே தைலம் ஆவியாகிப் பரவுகின்றது. சுடருக்குட் சென்ற தைலமோ எரிந்துபோகின்றது. ஆதலால் சிறிய சுடரும் விரிந்த குளமும் சேர்ந்தாலே நல்ல மணம் கிடைக்கும். திரியை நறுக்கும் ஒருவர் கரியைக் குறைப்பதோடு, தாம் விலைகொடுத்த வாசனையையும் காத்துக்கொள்கின்றார்.

தீயை மறவாதீர்

டென்மார்க்கின் தீயணைப்புப் பிரிவினரும் காப்புறுதி நிறுவனத்தினரும் ஆண்டுதோறும் டிசம்பரில் மெழுகுதிரி பற்றி எச்சரிப்பது வழக்கம். காய்ந்த ஊசியிலைகளால் அலங்கரித்த வளையத்தில் திரி அடிவரை எரிந்து, இலைகளைப் பற்றிக்கொள்வது அடிக்கடி நிகழும் விபத்து. ஆளில்லாத அறையிற் சுடர் இருத்தலாகாது. சிறிய தகரக் கிண்ண மெழுகுதிரிகள் பலவற்றை ஒரே தட்டில் நெருக்கி அடுக்கினால், ஒன்றையொன்று சூடேற்றி, மெழுகு முழுவதுமே தீப்பற்றிக்கொள்ளும். அப்போது நீர் ஊற்றாதீர்கள். தாச்சியிற் கொதிக்கும் எண்ணெயில் நீர் விழுந்தால் என்னவாகும் என்பது எமது தாய்மாருக்குத் தெரியும். எரியும் மெழுகும் அவ்வாறே சீறி எழும். மூடியொன்றால் மூடி, வளியை மறியுங்கள். தீ கைமீறினால், வெளியேறி, 112 ஐ அழையுங்கள்.

அடைத்த வீட்டின் காற்று

எமது ஊரில் விளக்கு எரிந்த வீட்டுக்கு ஓட்டிடுக்கும் திறந்த யன்னலும் முற்றமும் இருந்தன. இங்கு நாம் வாழும் வீடுகள் குளிருக்கு அஞ்சி இறுக அடைக்கப்பட்டவை. அதே கரி இங்கு வெளியேற வழியின்றி எம்மோடு தங்கிவிடுகின்றது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர், கொப்பன்கேகனிலும் அயலிலும் 56 வீடுகளின் வளியை அளந்து 2013 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மெழுகுதிரி எரிக்கப்பட்ட வீடுகளில், வீட்டாரை வந்தடைந்த மிகநுண்ணிய துகள்களில் சராசரியாக 60 வீதத்துக்கு அண்மித்த பங்கு மெழுகுதிரியிலிருந்தே வந்தது என அவ்வாய்வு காட்டிற்று. வீதியில் ஓடும் வாகனத்துக்கு அஞ்சி யன்னலைச் சாத்தியவர்கள் சிந்திக்கவேண்டிய கணக்கு இது.

நீரிணைக்கு அப்பால் சுவீடனின் லண்ட் பல்கலைக்கழகத்தார் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, மெழுகுதிரியின் புகையை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டியது. அமைதியாக எரியும் சுடர், கரி கக்கும் சுடர், நூர்த்தபின் கனலும் திரி என்பன அவை. கரியின் பெரும்பங்கு இரண்டாம் நிலைக்கு உரியது. ஆயினும் அமைதியான சுடரும் முற்றாகக் குற்றமற்றதன்று. கண்ணுக்குப் புலப்படாத மிகநுண்ணிய துகள்களை அதுவும் வெளியிடுகின்றது. திரியைத் திருத்துவதாற் கரி குறையும். வளியைத் திறந்துவிடுவதாலேயே ஏனையவை குறையும். இரண்டும் வேண்டும்.

வீட்டில் ஆஸ்த்மா உள்ள பிள்ளையோ, மூச்சிரைக்கும் முதியவரோ இருப்பின் இது விளையாட்டன்று. 2020களின் தொடக்கத்தில் ஓகூஸ் பல்கலைக்கழகத்தார், இலேசான ஆஸ்த்மா உள்ள இளையோரைக் கொண்டு ஆய்வு நடத்தினர். சமையற் புகைக்கும் மெழுகுதிரிப் புகைக்கும் சில மணித்தியாலம் உட்பட்ட அவ்விளையோரிடம் உபாதைகளும் அழற்சிக்கான அறிகுறிகளும் காணப்பட்டன. அத்தகைய வீட்டில் வாசனை மெழுகுதிரியைத் தவிர்த்துவிடுவதே உத்தமம். வடநாடுகளின் சுற்றுச்சூழல் அடையாளமான அன்னப்பறவைச் சின்னம் வாசனையூட்டிய மெழுகுதிரிக்கு வழங்கப்படுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. சுவாமி அறையில் ஊதுபத்தியும் சாம்பிராணியும் ஒருங்கே புகையும் நேரத்தில், வரவேற்பறை மெழுகுதிரிக்கு விடுமுறை அளிக்கலாம். இரண்டு புகையும் கலப்பது ஒரே வளியிற்றான்.

மணத்தை மறைக்கும் மணம்

எம்மவர் வாசனை மெழுகுதிரி ஏற்றுவதற்கு அழகொன்றே காரணமன்று என்பதை நாம் யாவரும் அறிவோம். பாடசாலை நண்பர் வீட்டுக்கு வரும் நாளில் மீன் பொரிக்கவேண்டாமெனப் பிள்ளை கெஞ்சுவதும், தாய் அவசர அவசரமாக மூன்று மெழுகுதிரிகளை ஏற்றிவைப்பதும் எமது இல்லங்களின் வழமையான காட்சிகள். கூட்டங்களிலும் பேருந்திலும் தம் மேலங்கியை முகர்ந்துபார்த்துக் கொள்பவர்களையும் கண்டிருக்கின்றோம்.

அம்முயற்சி பயன் தருவதில்லை. பொரிக்கும்போதும் தாளிக்கும்போதும் எழுவது வெறும் மணமன்று. நுண்ணிய எண்ணெய்த் துளிகளோடு கலந்த ஆவி. அது சுவரிலும் திரைச்சீலையிலும் உடையிலும் படிகின்றது. வாசனை மெழுகுதிரி அதில் ஒரு துளியையேனும் அகற்றுவதில்லை. கருவாட்டு மணத்தோடு வனிலா மணமும் சேர்ந்துகொள்ள, விருந்தினருக்கு இரண்டும் தெரிகின்றன. சமையற்புகையால் ஏற்கெனவே நிறைந்த வளியில் நாம் மேலும் கரியைச் சேர்த்தது மட்டுமே மிச்சம்.

செய்யத்தக்கது எளிது. அடுப்பை மூட்டுமுன் புகையுறிஞ்சியை இயக்குங்கள். சமைத்து முடித்தபின்னும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சமையலறைக் கதவைச் சாத்துங்கள். மேலங்கிகளை நடையிற் தொங்கவிடாது அலுமாரிக்குள் வையுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை, எதிரெதிரான யன்னல்களை அகலத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் காற்றோட்டம் விடுங்கள். குளிர் புகுந்துவிடுமே என அஞ்சவேண்டாம். அச்சிறு நேரத்தில் வளி மாறும், சுவர்களும் தளபாடங்களும் தம் வெப்பத்தை இழந்துவிடமாட்டா. நாள் முழுவதும் யன்னலைச் சிறிதளவு திறந்துவைப்பதே வெப்பத்தை வீணாக்கும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று கூறவேண்டும். நத்தார் இரவில் பன்றியிறைச்சியும் தாராவும் வாட்டப்படும் டெனிஷ் வீட்டிலும் மணம் எழத்தான் செய்கின்றது. அவர்கள் யன்னலைத் திறக்கின்றனர், வெட்கப்படுவதில்லை. சமைத்த வீட்டிற் சமையல் மணப்பது குற்றமன்று என்பதைப் பிள்ளை பெற்றோரிடமிருந்தே அறியவேண்டும். பெற்றோர் மறைக்க முயல்வதைப் பார்த்தே பிள்ளை வெட்கத்தைக் கற்றுக்கொள்கின்றது.

யன்னலில் ஒரு சுடர்

இந்நாட்டார் சுடரை எதற்காக ஏற்றுகின்றனர் என்பதற்கு மே மாதத்தில் ஒரு மாலை உண்டு. 1940 ஏப்ரல் 9 இல் யேர்மனிய இராணுவம் டென்மார்க்கைக் கைப்பற்றியதிலிருந்து ஐந்தாண்டுகள் இந்நாட்டு யன்னல்கள் இரவில் கறுப்புத் திரைகளால் மூடப்பட்டிருந்தன. 1945 மே 4 ஆம் நாள் இரவு 8.35 மணியளவில், இலண்டன் பி.பி.சி. வானொலியின் டெனிஷ் ஒலிபரப்பில் யேர்மனியப் படைகள் சரணடைந்த செய்தி வாசிக்கப்பட்டது. மக்கள் இருட்டடிப்புத் திரைகளைக் கிழித்தெறிந்து, யன்னல்களில் மெழுகுதிரிகளை ஏற்றிவைத்தனர். ஆண்டுதோறும் அம்மாலையில் டெனிஷ் வீடுகளின் யன்னல்களிற் சுடர் தோன்றுவது அதனை நினைந்தே. இருட்டடிப்பு என்னும் சொல்லின் பொருளை நூலிலன்றி வாழ்விற் கற்ற எமக்கு, அயலவரின் அவ்வொளி விளங்காத மொழியன்று.

மறைப்பதற்கென ஏற்றும் சுடரை யாரும் கவனித்துப் பேணுவதில்லை. அதன் வேலை முடிந்ததும் ஊதிவிடுகின்றோம். பிறர் காணவேண்டுமென ஏற்றும் சுடருக்கோ திரி நறுக்கவும், காற்று மறைக்கவும், அருகிருந்து பார்க்கவும் மனம் தானே வருகின்றது. இக்குளிர்காலத்தில் எமது மேசைகளில் எரிபவை இவ்விரண்டாம் வகையினவாக இருக்கட்டும். இன்று மாலை மெழுகுதிரியை எடுக்குமுன் யன்னலைப் பத்து நிமிடம் திறந்துவையுங்கள். நகவெட்டியை நெருப்புப்பெட்டியின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். திரியை நறுக்கும் வேலையை வீட்டிலுள்ள சிறுவரிடம் ஒப்படைத்து, ஜாம் போத்தல் விளக்கின் கதையையும் கூடவே சொல்லிக்கொடுங்கள்.